ஃபைனான்ஸ் கோர்ஸுக்கு 70,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்கிறேன். இன்னொரு மெஷின் போடலாமா என்று யோசித்தால் கணக்கு பிடிபடவில்லை, எல்லாவற்றுக்கும் ஆடிட்டரிடமே ஓட வேண்டியிருக்கிறது. தொழில் நடத்துபவர்களுக்கான கார்ப்பரேட் ஃபைனான்ஸ் என்று 6 மாத ஆன்லைன் கோர்ஸ் ஒன்றைச் சொல்கிறார்கள். கட்டணம் 70,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வட்டியில்லா இஎம்ஐ உண்டாம், இன்றே சேர்ந்தால் தள்ளுபடியாம். சேரலாமா?

பதில்: இன்றே சேர வேண்டாம். கற்றுக்கொள்ள நினைப்பது ரொம்ப நல்லது. ஆனால் உங்களுக்குத் தேவையான பாடத்துக்கு இவ்வளவு பணம் தேவையில்லை.

உங்கள் மெஷினையே எடுத்துக்கொள்வோம். விலை 10 லட்சம். கூலி, கரண்ட், நூல் எல்லாம் போக ஆண்டுக்கு 2.5 லட்சம் கையில் நிற்கிறது, 5 ஆண்டு ஓடுகிறது என்று வையுங்கள். மொத்தம் 12.5 லட்சம் வருவதால் 2.5 லட்சம் லாபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் போடும் பணம் இன்றே போய்விடுகிறது, வரும் பணம் 5 ஆண்டில் பிரிந்து பிரிந்து வருகிறது. உங்கள் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதமாவது வேண்டும் என்றால், அந்த 12.5 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 9 லட்சம்தான். கடைசியில் மெஷினை 1.75 லட்சத்துக்காவது விற்றால்தான் கணக்கு நேராகும். எக்செலில் என்பிவி (NPV, நிகர இன்றைய மதிப்பு) என்ற ஃபார்முலா இதைப் போட்டுத் தரும். முதல் நாள் போடும் 10 லட்சத்தை மட்டும் ஃபார்முலாவுக்குள் சேர்க்காமல் வெளியே கழியுங்கள். பலர் சறுக்கும் இடம் அது.

கடனுக்கும் இப்படித்தான். 10 லட்சத்துக்கு 12 சதவீத ஃபிளாட் வட்டி, 3 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 37,800 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 10 லட்சத்துக்கும் போடப்படுவதால், உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2024 அக்டோபரிலிருந்து சிறுதொழில் டெர்ம் கடனுக்கும் வங்கிகள் முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டியும் மற்ற கட்டணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பார்ட்டி 90 நாள் கழித்துப் பணம் தரும்போது நூலுக்கும் கூலிக்கும் நடுவில் எவ்வளவு முடங்குகிறது என்ற கணக்கு. லாபம் காட்டும் யூனிட்டும் சம்பள நாளில் திணறுவது இதனால்தான். இந்த மூன்றும் கைவந்தாலே மெஷின் விஷயத்தை நீங்களே முடிவு செய்யலாம்.

எங்கே படிப்பது? மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். ஆடிட்டர்களை உருவாக்கும் ஐசிஏஐ, இன்டர்மீடியட் மாணவர்களுக்கான நிதி மேலாண்மைப் பாடநூலைத் தன் தளத்தில் சும்மாவே தருகிறது. சென்னை லயோலாவில் படித்த அஸ்வத் தாமோதரன், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடத்தும் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் வகுப்புகளை யூடியூபில் போட்டிருக்கிறார். அருமையான ஆசிரியர். ஆனால் அவர் பேசுவது பெரும்பாலும் பங்குச்சந்தைக் கம்பெனிகளைப் பற்றி, அதனால் அவரிடம் அப்புறம் போகலாம்.

இவற்றுக்குப் பிறகும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்று தோன்றினால் கோர்ஸில் சேருங்கள், தப்பில்லை. சேருமுன் ஒன்று கேளுங்கள்: என் பேலன்ஸ் ஷீட்டை வைத்துச் சொல்லித்தருவீர்களா? மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அந்த வட்டியில்லா இஎம்ஐ பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது, தவறினால் சிபில் ஸ்கோர் அடிபடும். டிஜிட்டல் கடனில் மனம் மாறினால் விலகிக்கொள்ளச் சிறிது அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

பில் யார் பெயரில் என்பதையும் யோசியுங்கள். யூனிட்டின் ஜிஎஸ்டி எண்ணில் வாங்கினால் வரி வரவு எடுக்க, அதாவது கோர்ஸுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை யூனிட் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்க, வழி உண்டு. ஆனால் பின்னால் தகராறு வந்தால், வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிழைப்புக்கான சுயதொழில் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். பணம் திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்கி வையுங்கள். புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.