சி நிரலில் ஒரு ஃபங்ஷன் பாதியில் ரிட்டர்ன் ஆனால் மெமரி கசிகிறது (வாங்கிய இடம் திரும்பி வருவதில்லை), தற்காலிகத் தரவை ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் இருக்கும் இடத்தில், வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். குளச்சல் விசைப்படகு ஒன்றின் ஜிபிஎஸ் கருவிக்கு சி நிரல் எழுதியபோது எனக்கும் இதே கசிவுதான். கருவி அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் மாலாக் (malloc, மெமரி கேட்டு வாங்குவது) செய்தேன்; செக்சம் (வரி பிழையின்றி வந்ததா என்று பார்க்கும் எண்) தவறினால் ரிட்டர்ன், அந்த வழியில் ஃப்ரீ (free, வாங்கியதைத் திருப்பித் தருவது) இல்லை. கரையில் சோதித்தபோது தெரியவில்லை. விடிய விடிய கடலில் ஓடியதும் மெமரி தீர்ந்தது.

ஜிபிஎஸ் கருவிகள் தரவு அனுப்பும் என்எம்இஏ 0183 வடிவில் ஒரு வரி அதிகபட்சம் 82 எழுத்து. வரியின் முடிவைக் காட்டும் கடைசி நல் எழுத்துக்கு ஒன்று சேர்த்து, ஃபங்ஷனுக்குள்ளேயே 83 பைட் அரே அறிவித்தேன். எந்த ரிட்டர்ன் வழியாக வெளியேறினாலும் ஸ்டாக்கின் முனையைக் காட்டும் ஸ்டாக் பாயின்டர் பழைய இடத்துக்கு வந்துவிடும். இடம் தானாக விடுபடும்.

அந்த அரேயின் முகவரியை மட்டும் வெளியே அனுப்பாதீர்கள், அடுத்த அழைப்பு அதன் மேலேயே எழுதிவிடும். அப்புறம், அளவு முன்கூட்டியே தெரியாவிட்டால் அலோகா (alloca, ஸ்டாக்கிலேயே இடம் வாங்குவது) வேண்டாம். இடம் போதாவிட்டாலும் அது மாலாக் போல ‘இடமில்லை’ என்று காட்டும் நல் மதிப்பைத் தராது, நிரல் அப்படியே விழும்; லினக்ஸில் ஸ்டாக் வழக்கமாக 8 எம்பிதான். அங்கே மாலாக்கே சரி.