அழைத்து வந்த விளம்பரங்கள்: கணினிக் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைப் பற்றியவை. தானாகத் திறக்கும் விளம்பரங்கள், சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும் முகப்புப் பக்கம், நீக்க முயன்றாலும் நீங்காத கருவிப்பட்டை என எல்லாமே ஆட்வேர் எனப்படும் விளம்பர நிரல்களின் வேலை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்தப் பக்கங்களை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மடிக்கணினித் திரையின் வலப்பக்க அடிமூலையில், ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன’ என்ற அறிவிப்பு ஓயாமல் எழும்புகிறது. இடையிடையே சூதாட்ட விளம்பரங்களும் வருவதால், பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினியைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. கடையில் காட்டினேன். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மெட் செய்ய வேண்டும், 120 வெள்ளி ஆகும் என்றார்கள். செய்துவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம், அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் கணினிக்குள் எந்த நிரலும் புகவில்லை என்றே தோன்றுகிறது. தொடர்நாடகங்களையோ பழைய படங்களையோ இலவசமாகக் காட்டும் ஏதோ ஒரு தளம், ‘நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிப்படுத்த, அலாவ் என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அந்தப் பொத்தானுக்கும் ரோபோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தத் தளம் தன் விருப்பப்படி உங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாம் என்று உலாவிக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு அது.

அடுத்த முறை அறிவிப்பு எழும்பும்போது அதைச் சொடுக்காமல் உற்றுப் பாருங்கள். அதில் குரோம் அல்லது எட்ஜ் என்று உலாவியின் பெயரும், அருகில் ஒரு தள முகவரியும் இருந்தால், நான் சொன்னது சரி என்று வைத்துக்கொள்ளலாம். குரோமில் ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதனுள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதனுள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். அதே பக்கத்தின் மேற்பகுதியில், இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கக் கூடாது என்று வைக்கும் வசதியும் இருக்கிறது. உங்களுக்கு அதுவே நல்லது. உலாவியை மூடிய பிறகும் அறிவிப்பு வருகிறது என்றால், ‘சிஸ்டம்’ பகுதியில், குரோமை மூடினாலும் அது பின்னணியில் இயங்கலாம் என்றிருக்கும் அனுமதியையும் அணைத்துவிடுங்கள்.

ஐந்து வைரஸ் என்ற கணக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எந்த இணையத்தளத்தாலும் அறிவிப்பு வழியாக உங்கள் கணினியைச் சோதித்து எண்ணிச் சொல்ல முடியாது. கடைக்காரர் பொய் சொன்னார் என்றும் நான் சொல்ல மாட்டேன். பத்து நிமிடம் உட்கார்ந்து தேடுவதைவிட மொத்தமாக அழித்துப் புதிதாகப் போடுவது அவருக்குச் சுலபம். அழிபவை உங்கள் படங்கள்தானே.

கேள்வி: ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகன், பள்ளி வேலையைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றுவதற்கு ஒரு மென்பொருளை இறக்கினான். அன்றிலிருந்து குரோமைத் திறந்தால் வேறொரு தேடல் பக்கம் வருகிறது. பெயர் தெரியாத எக்ஸ்டென்ஷன் (உலாவியுடன் சேரும் துணை நிரல்) ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை நீக்கும் பொத்தானே வேலை செய்யவில்லை. ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஏது நிறுவனம்?
— ஒரு தந்தை, செந்தூல்

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், ஆனால் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிப்பவர்கள், ஊழியர்கள் நீக்க முடியாதபடி சில எக்ஸ்டென்ஷன்களைக் கட்டாயமாக நிறுவ முடியும். அதற்கென, விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் குறித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் ‘பாலிசி’ என்று ஒரு பகுதி உண்டு. விளம்பர நிரல் அதே இடத்தில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டால், குரோம் அதை உங்கள் மேலதிகாரியின் உத்தரவு என்று நம்பிப் பணிந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் மகன் கல்வி அமைச்சின் டெலிமா கணக்கின் வழியாகக் குரோமுக்குள் நுழைந்திருந்தால், நிர்வகிக்கப்படுவதாகச் சொல்லும் வாசகம் இயல்பாகவே வரும். அதில் தவறு இல்லை. முகவரிப் பட்டையில் ‘குரோம்://பாலிசி’ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால், எந்தெந்த உத்தரவுகள் நடப்பில் இருக்கின்றன என்ற பட்டியல் தெரியும். பள்ளிக் கணக்கு இல்லாத வீட்டுக் கணினியில், எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவச் சொல்லும் வரி ஒன்று அங்கே இருந்தால், திருடனின் கையெழுத்து அதுதான்.

நீக்கும்போது வரிசை முக்கியம். பலர் முதலில் உலாவியைச் சரிசெய்கிறார்கள்; மூல நிரல் உள்ளே இருப்பதால், கணினியை அடுத்த முறை திறக்கும்போது அது எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுகிறது. ஆகவே விண்டோஸின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்ட் ஆப்ஸ்’ என்று சென்று, பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். அந்தப் பிடிஎஃப் மென்பொருளையும், அதே நாளில் அதனுடன் சேர்ந்து வந்த அறிமுகமில்லாத பெயர்களையும் நீக்குங்கள். நீக்கும்போது எழும்பும் சாளரங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘நீக்காமல் வைத்துக்கொள்’ என்ற பொத்தானைப் பெரிதாகவும் பளிச்சென்றும், ‘நீக்கு’ என்பதைச் சாம்பல் நிறத்தில் சிறிதாகவும் அச்சிடுவது இவர்களுடைய பழைய வித்தை.

அடுத்து, ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவியை அதன் நிறுவனத் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டுங்கள். 2011ல் பிரான்சில் தோன்றிய இதை 2016ல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் வாங்கியது. இதை நிறுவக்கூடத் தேவையில்லை. இறக்கிய கோப்பைச் சொடுக்கினால் போதும். இந்தப் பெயரில் ஏதாவது ஒன்று உங்களிடம் பணம் கேட்டால், அது போலி. அதன் அமைப்புப் பக்கத்தில் குரோம் பாலிசிகளை மீட்டமைக்கும் விருப்பம் இருக்கிறது. உங்களுக்குத் தேவை அதுதான், ஏனென்றால் ரிஜிஸ்ட்ரியைக் கையால் திருத்தி வேறெதையாவது கெடுத்துக்கொள்ளும் ஆபத்து அதில் குறைவு. கணினியை ஒருமுறை மூடித் திறந்த பின், எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு, குரோமின் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ பகுதியைப் பயன்படுத்துங்கள். அது எக்ஸ்டென்ஷன்களை முடக்கும், முகப்புப் பக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் வேற்றுப் பக்கம் திறந்தால், திரையிலுள்ள குரோம் குறுவழியை வலச்சொடுக்கிட்டு அதன் ‘டார்கெட்’ வரியைப் பாருங்கள். இறுதியில் ஏதேனும் தள முகவரி ஒட்டப்பட்டிருந்தால் அந்த வாலை மட்டும் வெட்டுங்கள். ‘டாஸ்க் ஷெட்யூலர்’ பட்டியலிலும், நாள்தோறும் ஒரு முகவரியைத் திறக்கச் சொல்லும் வேலை ஒளிந்திருக்கலாம். வீட்டில் இன்னொரு கணினியில் இதே கூகுள் கணக்கும் இதே நோயும் இருந்தால், கணக்கு ஒத்திசைவின் வழியாக எக்ஸ்டென்ஷன் திரும்பி வரும்; இரண்டையும் சேர்த்தே சுத்தம் செய்யுங்கள்.

மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்று சொல்லும்போது, நான் வெறும் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. இலவச மென்பொருளுடன் விளம்பர நிரலைக் கட்டி அனுப்பினால், ஒவ்வொரு நிறுவலுக்கும் விநியோகிப்பவருக்குக் கூலி உண்டு. 2011ல் டவுன்லோட்.காம் தளமும், 2013ல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளமும், தாங்கள் வழங்கிய மென்பொருள்களுக்குத் தனி நிறுவி ஒன்றைச் சுற்றி, அதற்குள் இத்தகைய கூடுதல் சரக்குகளை வைத்தன. படத்திருத்த மென்பொருளான கிம்ப்பின் விண்டோஸ் பதிப்பைத் தயாரித்தவர்கள் இதை எதிர்த்தே 2013 நவம்பரில் சோர்ஸ்ஃபோர்ஜை விட்டு வெளியேறினார்கள். 2016ல் அந்தத் தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். பெயர் பெற்ற தளங்களே அப்படி என்றால், பதினேழு வயதுப் பையன் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்தியதில் வியப்பில்லை. சட்டப்படி பார்த்தால் அவன் சம்மதம் தெரிவித்துவிட்டான். அதனால்தான் இவற்றை வைரஸ் என்று சொல்லத் தயங்கி, ‘விரும்பத்தகாததாக இருக்கக்கூடிய செயலி’ என்று இரண்டுங்கெட்டானாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அவனுக்கு அந்த மென்பொருளே தேவைப்பட்டிருக்காது. விண்டோஸ் 10 வந்த காலத்திலிருந்தே அச்சுப்பொறிப் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ இருக்கிறது. வேர்டிலும் பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்கலாம்.

கேள்வி: கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாக மாறி, மைக்ரோசாஃப்ட் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் வந்தன, சங்கு ஊதுவது போல் சத்தம் வேறு. பயந்துபோய் அழைத்தேன். பேசியவர் ஏதோ ஒரு செயலியை நிறுவச் சொல்லி, என் கணினியைத் தன் திரையில் பார்த்தார். பணம் கேட்டதும் வைத்துவிட்டேன். இனி ஆபத்து இல்லையே?
— கடை உரிமையாளர், லிட்டில் இந்தியா, ஜார்ஜ்டவுன்

பதில்: ஆபத்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்து, அவர் நிறுவச் சொன்ன தொலைக்கட்டுப்பாட்டுச் செயலியை நீக்குங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து, இந்தக் கணினியிலிருந்து அல்ல, மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது வங்கிக் கணக்கைத் திறந்திருந்தாலோ பணம் போயிருந்தாலோ, உடனே வங்கியையும், மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணையும் அழையுங்கள்; தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மேலும் தொலைவுக்குக் கொண்டுபோகும்.

நீங்கள் கண்டது வெறும் இணையப் பக்கம். ஏதோ ஒரு விளம்பரம் உங்களை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. மறுபடி வந்தால் ‘எஸ்கேப்’ விசையைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘டாஸ்க் மேனேஜர்’ வழியாக உலாவியை முடியுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கும் மடிக்கணினியிலேயே விளம்பர நிரல் இருக்குமா?
— கல்லூரி மாணவி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இருந்திருக்கிறது. 2014 செப்டம்பர் முதல் சில மாதங்கள் லெனோவோவின் சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற நிரல் ஆலையிலேயே நிறுவப்பட்டு வந்தது. பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருகுவதற்காக, ஒரு தளம் உண்மையானது என்று உலாவிக்கு உறுதி சொல்லும் சான்றிதழ் ஒன்றை அது தன் பெயரில் கணினியில் நட்டு வைத்தது. அந்தச் சான்றிதழின் இரகசியச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே என்பதால், அந்தச் சாவி கிடைத்த எவரும் வங்கித் தளம்போல் வேடமிட முடிந்தது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளிவந்ததும் நிறுவனம் அதை நீக்கும் கருவியை வெளியிட்டது. அவ்வளவு மோசமான ஒன்று இன்று கிடைப்பது அரிது. கோலாலம்பூரின் லோயாட் பிளாசாவில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், முதல் நாளே நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, சோதனைக் காலப் பதிப்புகளையும் விளையாட்டுகளையும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: காசு கொடுத்து ஆண்டிவைரஸ் வாங்க வேண்டுமா? பிள்ளைகளும் அதே கணினியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.
— வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: வீட்டுப் பயன்பாட்டுக்கு விண்டோஸுடன் வரும் பாதுகாப்பே போதும் என்பது என் கருத்து. ஆனால் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ பகுதியில் ‘ஆப் அண்ட் பிரௌசர் கண்ட்ரோல்’ என்பதற்குள் சென்று, விரும்பத்தகாத செயலிகளைத் தடுக்கும் விசை போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். செயலிகளுக்கும் பதிவிறக்கங்களுக்கும் தனித்தனியே இரண்டு கட்டங்கள் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், இன்னும் அதிலேயே இருப்பவர்கள் ஆண்டிவைரஸுக்குக் கொடுக்கும் பணத்தை மேம்படுத்தலுக்குச் செலவிடலாம்.

மென்பொருளின் பெயரைத் தேடும்போது, மேலே வரும் விளம்பர முடிவுகளைச் சொடுக்காதீர்கள். போலித் தளங்கள் காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடிப்பதை 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தபோது, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறும் பரிந்துரைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் யூபிளாக் ஒரிஜின் என்ற தடுப்பான் முழுமையாக இயங்கும். குரோமில் அதன் லைட் பதிப்பு கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள். பெரும்பாலான மென்பொருள்களை நிறுவும்போது விண்டோஸ் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். சில விளம்பர நிரல்கள் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே குடியேறி, அந்தக் கேள்விக்கே இடம் கொடுக்காமல் தப்பிவிடும். அதனால் மாதம் ஒருமுறை அவர்களுடைய கணக்கில் நுழைந்து, செயலிப் பட்டியலையும் எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் அவர்களுடன் உட்கார்ந்தே திறந்து பாருங்கள்.