பதில்: பரதத்தோடு சிலம்பம் கலக்கலாமா, வேலையை விடலாமா?

வணக்கம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தாத்தாவின் கதையை பரதம், கன்டெம்பரரி (தற்கால நடனம்), சிலம்பம் மூன்றையும் கலந்து ஆட நினைக்கிறீர்கள். டீச்சர் கலக்காதே என்கிறார், அம்மா வேலையை விடாதே என்கிறார்.

வேலை விஷயத்தில் நான் அம்மா கட்சி. இங்கே சிங்கப்பூரில் ஆடுகிறவர்கள் பலருக்கும் வகுப்பெடுக்கிற வருமானம்தான் சோறு போடுகிறது. படைப்பு மேடையேறும்வரை சம்பளம் வரட்டும்.

டீச்சர் பயப்படுகிற அளவுக்கு இது புதிதில்லை. நம் ஊர் பரதக் கலைஞர் சாந்தா பாஸ்கர் 1958-லேயே சீனக் காதல் கதையான 'பட்டர்ஃபிளை லவ்வர்ஸ்'-ஐ இந்திய நடனத்தில் மேடையேற்றியவர். 1990-இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கமும் பெற்றார். ஆனால் இதைச் சொல்லி வாதாடாதீர்கள் (டீச்சரிடம் யார் ஜெயித்தார்கள்?), ஐந்து நிமிடம் ஆடிக் காட்டுங்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் விஷயமே இருக்கிறது. மூட்டையை முத்திரையில் காட்டினால் அது வழக்கமான அபிநயம். பாரம் ஏறியதும் முதுகு எங்கே வளைகிறது, மூச்சு எங்கே நிற்கிறது, அரைமண்டி (முழங்கால் மடித்து நிற்கும் பரத நிலை) எந்த இடத்தில் தளர்கிறது என்று பாருங்கள். அங்கே சிலம்பக் காலடி தானாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். 'எனக்கு மூன்றும் தெரியும்' என்று காட்டச் சேர்த்தது பார்க்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், சலிப்பாகவும் இருக்கும்.

அப்புறம், அதை வீடியோ எடுத்து வையுங்கள். தேசிய கலைகள் மன்றத்தின் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது வெறும் கதைச் சுருக்கத்தைவிட அது கைகொடுக்கும். பட்ஜெட்டில் இசைக்கலைஞர், ஒளியமைப்பாளர் சம்பளத்தோடு உங்கள் சம்பளத்தையும் போடுங்கள்.