கோப்பு வரவில்லை என்றால் யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு போடும் கம்ப்யூட்டர் ஏழு வாரமாகப் படுத்துவிட்டது. அம்மாவின் சர்க்கரை மாத்திரை விவரமெல்லாம் அதற்குள்தான். கம்பெனிக்காரர், 'நாங்கள் கையெழுத்துப் போட்டது பழைய ஜில்லாவோடு' என்கிறார். புது ஜில்லா ஆபீசில், 'கோப்பே எங்களுக்கு வரவில்லை' என்கிறார்கள். யாரைக் கேட்பது?
– ஒரு வாசகி, ஆந்திராவில் ஓர் எல்லையோரக் கிராமம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் என்னை உறுத்தியது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திராவின் 13 ஜில்லாக்கள் 26 ஆனபோது நகரி சித்தூரிலேயே நின்றது, பக்கத்துப் புத்தூர் திருப்பதியோடு போனது. அந்தச் சமயத்தில் ஒரு சுகாதார அலுவலகத்தில் ஒப்படைப்புப் பட்டியல் எழுதியவர்களில் நானும் ஒருவன். நாற்காலி 11, ஸ்டீல் பீரோ 3, கம்ப்யூட்டர் 4. ஒரு நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்றுகூடக் குறித்தோம். அந்தக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஒப்பந்தத்துக்கு மட்டும் ஒரு வரி இல்லை. எனக்கும் தோன்றவில்லை, மேலே கையெழுத்துப் போட்டவரும் கேட்கவில்லை.

ஆனால் கம்பெனிக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மாநில அரசு செய்கிற ஒப்பந்தம் அரசியல் சட்டம் 299-ஆம் பிரிவுப்படி ஆளுநர் பேரில்தான் எழுதப்படும். ஜில்லா இரண்டானாலும் மூன்றானாலும் ஆளுநர் ஒருவர்தானே!

இங்கிலாந்திலும் இதைப் பார்த்துவிட்டார்கள். அரசு மருத்துவச் சேவை முழுவதையும் கம்ப்யூட்டரில் கொண்டுவர 2002-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2006-இல் போட்ட மதிப்பீடு 1,240 கோடி பவுண்ட். அதே வருஷம், வேலை பாதியில் இருக்கும்போதே, 28 வட்டார நிர்வாகங்களை 10 ஆக்கினார்கள். 2013-இல் அந்தப் பத்தையும் கலைத்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்துக்காகப் புஜித்சூ என்ற கம்ப்யூட்டர் கம்பெனியோடு போட்டு 2008-இல் முறிந்த ஒப்பந்தத்தின் வழக்கு 2013-இலும் தீரவில்லை. ஆபீஸ்கள் போயின, கடன் அரசின் தலையிலேயே நின்றது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் புது ஜில்லா ஆபீசுக்கே மனுப் போடுங்கள், 10 ரூபாய்தான். 'எங்களுடையது அல்ல' என்று அவர்கள் திருப்பி அனுப்ப முடியாது. 6(3) பிரிவுப்படி, யாரிடம் இருக்கிறதோ அந்த ஆபீசுக்கு 5 நாளுக்குள் அவர்களேதான் அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஒப்பந்த நகல் கேளுங்கள், ஒப்படைப்புப் பட்டியல் கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், முதல் கேள்வியாக இதை எழுதுங்கள்: இந்த ஏழு வாரத்துக்குப் பராமரிப்பு பில் பாஸ் ஆனதா, பாஸ் செய்தவர் யார்? பில்லில் கையெழுத்துப் போட்டவரிடம் கோப்பு இல்லாமல் இருக்காது.