பியானோ பக்கவாத்தியமா? (வாசகர் கேள்வி – பதில்)

கே: மேற்கத்திய இசைக் கச்சேரி விளம்பரங்களில் வயலின் வாசிப்பவர் பெயரைப் பெரிதாகவும் பியானோ வாசிப்பவர் பெயரைக் கீழே பொடி எழுத்திலும் போடுகிறார்களே, அப்படியென்றால் பியானோ பக்கவாத்தியம்தானே? – திருச்சி வாசகி

ப: இல்லவே இல்லை. உண்மையில் ஒரு காலத்தில் கதை தலைகீழாக இருந்தது, வயலின்தான் ஒட்டிக்கொண்டு வந்தது. 1764ல் மோட்ஸார்ட்டின் முதல் சொனாட்டாக்கள் (பல பகுதிகள் கொண்ட வாத்திய உருப்படிகள்) பாரிஸில் அச்சானபோது (பையனுக்கு அப்போது எட்டு வயது) அட்டையிலேயே ‘ஹார்ப்சிகார்டுக்கான சொனாட்டாக்கள், வயலின் துணையோடும் வாசிக்கலாம்’ என்று போட்டிருந்தார்கள் (ஹார்ப்சிகார்டு என்பது பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்). அதாவது வயலின்காரர் வராவிட்டாலும் குடி முழுகாது.

பீத்தோவன் இந்த ஜோடிக்கு மொத்தம் பத்து சொனாட்டா எழுதினார். ஒன்பதாவதான ‘குரோய்ட்சர்’ வந்ததும் இரண்டு பேரும் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். 1803 மே 24, வியன்னாவின் ஆவ்கார்ட்டன் பூங்காவில் காலைக் கச்சேரி. பியானோவில் பீத்தோவன், வயலினில் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்ற ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர், லண்டனில் ஏற்கெனவே பெயர் வாங்கியவர். பீத்தோவன் கடைசி நேரம் வரை எழுதிக்கொண்டே இருந்ததில் இரண்டாம் பகுதியைப் படியெடுக்க நேரமில்லை, பிரிட்ஜ்டவர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் பிரதியிலிருந்தே வாசித்தார். முதல் பகுதியில் பியானோ தனியாக ஓடுகிற ஒரு இடம் வருகிறது, அதைக் கேட்டவுடன் அவரும் வயலினில் அதே மாதிரி ஒன்றைக் கற்பனையாகப் போட, பீத்தோவன் துள்ளி எழுந்து கட்டிக்கொண்டு ‘இன்னொரு தடவை!’ என்றாராம். இது பிரிட்ஜ்டவரே சொன்னது. அப்புறம் ஒரு பெண் விஷயமாக இருவருக்கும் சண்டை என்பதும் அவர் பிற்காலத்தில் சொன்னதுதான். 1805ல் அச்சில் வந்தபோது சொனாட்டா பாரிஸ் வயலின் மேதை ரொடால்ஃப் குரோய்ட்சருக்குச் சமர்ப்பணமாகிவிட்டது. அவர் அதை மேடையில் வாசித்ததாகத் தகவலே இல்லை! பெயர் மட்டும் அவருடையது.

சரி, எல்லா உருப்படியிலும் இப்படியா என்றால் இல்லை. கச்சேரி முடிவில் வாசிக்கிற, வயலின் கலைஞர் ஃப்ரிட்ஸ் க்ரைஸ்லர் எழுதிய குட்டி உருப்படிகளில் பியானோ பெரும்பாலும் பின்னால் நின்று தாங்கத்தான் செய்கிறது. ஆனால் சொனாட்டா வாசிக்கும் கச்சேரிக்குப் பெயரைப் பொடி எழுத்தில் போடுவது டிக்கெட் விற்கிறவர்களின் கணக்கு, இசையின் கணக்கு அல்ல.

கே: வயலின்காரர் மேடைக்கு வந்ததும் ஏன் பியானோவைக் கேட்டுச் சுருதி சேர்க்கிறார்? – மதுரை வாசகர்

ப: அவரிடம் இருப்பது நாலு தந்தி. பியானோவில் இருநூறுக்கு மேல். யார் யாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இதில் இன்னொரு சூட்சுமம். வயலின் தந்திகளைத் தனியாகச் சேர்க்கும்போது சுத்தமான ச–ப இடைவெளியில் சேர்ப்பார்கள். பியானோவிலோ பன்னிரண்டு ஸ்வர இடைவெளிகளையும் சமமாகப் பங்கு போட்டிருப்பதால் அந்த ‘ப’ மயிரிழை குறைவாக இருக்கும். அதனால் பியானோவோடு வாசிக்கும்போது சிலர் அடித்தந்தியைத் துளி ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள், மற்றதை விரல் பார்த்துக்கொள்ளும்.

கே: நடுவில் நிறுத்தினார்கள், கைதட்டினேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தப்பா? – கோவை வாசகர்

ப: மோட்ஸார்ட் காலத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தட்டினார்கள், அவரும் அதில் குளிர்ந்து போய் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். இப்போதைய வழக்கம், சொனாட்டாவின் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகு தட்டுவது. திரும்பிப் பார்த்தவர்களை மன்னித்துவிடுங்கள்.

கே: எனக்கு இந்த இசை ஒன்றும் தெரியாது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? – யாழ்ப்பாண வாசகி

ப: செஸார் ஃப்ராங்க்கின் ஏ மேஜர் சொனாட்டா. யோசிக்கவே வேண்டாம். 1886ல் பெல்ஜிய வயலின் கலைஞர் யூஜேன் இசாயிக்குக் கல்யாணப் பரிசாக எழுதியது, அப்போது ஃப்ராங்க்குக்கு அறுபதைத் தாண்டிய வயது. அந்த டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஒரு ஓவியக் காட்சிக்கூடத்தில் இசாயியும் லியோந்தீன் போர்த்-பேன் என்ற பியானோ கலைஞரும் வாசித்தார்கள். நீண்ட நிகழ்ச்சி, இது கடைசி உருப்படி. வெளியே இருட்டிவிட்டது, ஓவியங்களுக்கு ஆபத்தென்று விளக்கேற்ற அனுமதி இல்லை. முதல் பகுதி முடிவதற்குள் தாளில் எழுத்தே தெரியவில்லை, மீதி மூன்று பகுதிகளையும் இருவரும் மனப்பாடமாகவே வாசித்துத் தள்ளினார்கள். அந்தப் பியானோ பாகம் எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் போர்த்-பேனுக்குத்தான் முதலில் கைதட்டுவார்கள்.

முதலில் நான்காம் பகுதியை மட்டும் கேளுங்கள். பியானோ ஒரு மெட்டை ஆரம்பிக்கும், வயலின் ஒரு தாளக்கட்டு தள்ளி அதே மெட்டோடு பின்னாலேயே வரும். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது சீக்கிரமே குழம்பிவிடும். வயலினில் டேவிட் ஓய்ஸ்ட்ராக், பியானோவில் ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர் இருவரும் சேர்ந்து வாசித்த பதிவு கிடைக்கிறது, என் ஓட்டு அதற்கே.

கே: எங்கே உட்கார்ந்தால் நல்லது? – சென்னை வாசகர்

ப: பியானோ வாசிப்பவரின் விரல்களைப் பார்க்க ஆசை என்றால் மேடையைப் பார்த்து இடது பக்கம். இரண்டு வாத்தியமும் சமமாகக் கேட்க வேண்டுமென்றால் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி. முதல் வரிசை வேண்டாம், காசும் அதிகம்.