நின்று பேசினால் போதுமா?

வணக்கம் ஐயா,

அமெரிக்க செனட்டில் கோரி புக்கர் 2025-இல் 25 மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே பேசிய காணொளியை அண்மையில்தான் பார்த்தேன். அதைப் பற்றித் தேடிப் படித்தபோது, அங்கே ஒரு மசோதாவைத் தடுக்க இப்போதெல்லாம் யாரும் பேசவே வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டேன். எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டால் போதுமாம். 60 பேர் ஆதரவு திரளும்வரை மசோதா கிடப்பில் கிடக்கும். இது அநியாயம் இல்லையா? தடுக்க நினைப்பவர் பழையபடி அவையில் நின்று, தொண்டை வற்றப் பேசித்தான் தடுக்க வேண்டும் என்று விதி வைத்தால் சும்மா தடுப்பவர்கள் ஓடிவிடுவார்கள் அல்லவா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்கள் கோபம் நியாயமானது. 100 பேர் கொண்ட அவையில் 41 பேர் வாய் திறக்காமலேயே ஒரு சட்டத்தை முடக்க முடிகிறது என்பது எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் அவர்களை நின்று பேசவைப்பது இதற்கு மருந்து ஆகாது. அந்த விதி பேசுகிறவரை வாட்டுவதைவிட, அவர் பேச்சு முடியக் காத்திருப்பவர்களைத்தான் அதிகம் வாட்டும். இது ஊகம் இல்லை, நடந்திருக்கிறது.

1960 பிப்ரவரி கடைசி. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் மசோதா செனட்டுக்கு வந்திருந்தது. தென் மாநில உறுப்பினர்கள் 18 பேர் அதைப் பேசியே கொல்ல முடிவு செய்தார்கள். பெரும்பான்மைத் தலைவர் லிண்டன் ஜான்சன், நீங்கள் இப்போது கேட்பதைத்தான் செய்தார். அவையை இரவும் பகலும் கலைக்காமல் நடத்தினார். பேசிப் பேசி அவர்களே களைத்து விழட்டும் என்று கணக்குப் போட்டார்.

களைத்தது மற்றவர்கள். தென் மாநிலத்தவர் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பேசுவார், இன்னொருவர் துணைக்கு இருப்பார், மீதிப் பேர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள். நடுராத்திரியில் துணைக்கு இருப்பவர் எழுந்து "அவையில் கோரம் (போதிய உறுப்பினர் வருகை) இல்லை" என்பார். உடனே மணி அடிக்கும். 51 பேர் வந்து முகம் காட்ட வேண்டும், இல்லையென்றால் அவை கலைந்துவிடும். ஆகவே மசோதாவை ஆதரித்தவர்கள் கட்டடத்திலேயே மடக்குக் கட்டில்கள் போட்டுப் படுத்தார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இப்படி ஓடிய பிறகு ஜான்சன் இரவு அமர்வுகளைக் கைவிட்டார். விவாதத்தை முடிக்க நடந்த வாக்கெடுப்பும் தோற்றது. கடைசியில் நிறைவேறியது பல் பிடுங்கப்பட்ட சட்டம்.

அன்று 18 பேர் அதைச் செய்தார்கள். இன்று சிறுபான்மைக் கட்சியிடம் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இருப்பார்கள். ஒரே பொருளில் ஒருவர் இரண்டு முறைதான் பேசலாம் என்று விதி உண்டு. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் புதுப் பொருளாகிவிடும். மாதக்கணக்கில் ஓட்டலாம். அதுவரை பட்ஜெட் நிற்கும், நியமனங்கள் நிற்கும். 1970-களின் தொடக்கத்தில் அப்போதைய பெரும்பான்மைத் தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்ட், பேச்சில் சிக்கிய மசோதாவை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே இந்த முட்டுக்கட்டைக்குப் பயந்துதான். அதற்கப்புறம்தான் பேசாமலே தடுப்பது இவ்வளவு மலிந்தது.

பேசவைத்தால் வெட்கப்பட்டாவது விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். 1957-இல் செனட் உறுப்பினர் ஸ்ட்ராம் தர்மண்ட் கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமை மசோதாவுக்கு எதிராகத் தனி ஆளாக 24 மணி 18 நிமிடம் பேசினார். இடையில் வெளியே போக நேராமல் இருக்க, முன்கூட்டியே நீராவிக் குளியல் எடுத்து உடம்பில் இருந்த நீரை வற்றவைத்துக்கொண்டு வந்தார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அவர் உட்கார்ந்த சிறிது நேரத்தில் மசோதா நிறைவேறிவிட்டது. ஆனால் அவருக்கு என்ன நஷ்டம்? தென் கரோலினா மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 100 வயது வரை செனட்டில் இருந்தார். ஒருவரின் ஆதரவாளர்கள் கைதட்டும் விஷயத்தில் வெட்கம் எங்கிருந்து வரும்? இன்றைக்கு அந்தப் பேச்சு துண்டு துண்டாக வெட்டப்பட்டுத் தேர்தல் நிதி திரட்டப் போகும்.

புக்கரும் பேச்சுக்குச் சில நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்தினார், முந்தைய இரவு தண்ணீரையும். தர்மண்டின் சாதனையை ஒரு கறுப்பினத்தவர் முறியடித்ததில் எனக்கும் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அவர் எந்த மசோதாவையும் தடுக்கவில்லை. டிரம்ப் அரசுக்கு எதிரான கண்டனம் அது. கண்டனத்துக்கு ஒருவர் தன் உடம்பை வருத்துவது அவர் விருப்பம். ஒரு சட்டம் பிழைப்பதும் சாவதும் யாருடைய சிறுநீர்ப்பை தாங்குகிறது என்பதில் இருக்கலாமா?

டெக்சாஸ் மாநில செனட்டில் இந்த விதி இன்னும் கடுமை. சாயக்கூடாது, உட்காரக்கூடாது, சாப்பிடக்கூடாது, பேச்சு பொருளை விட்டு விலகக்கூடாது. 2013-இல் கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதாவை எதிர்த்து வெண்டி டேவிஸ் பத்து மணி நேரத்துக்கு மேல் அப்படி நின்றார். முதுகுப்பட்டை அணிய ஒருவர் உதவியதைக் குற்றமாக எண்ணினார்கள். அன்று அவர் தரப்பு ஜெயித்ததற்குக் காரணம், நள்ளிரவோடு கூட்டத்தொடர் முடிகிறது என்பதுதான். அடுத்த மாதமே சிறப்புக் கூட்டத்தில் அதே மசோதா நிறைவேறியது.

அப்படியானால் என்ன செய்யலாம்? சுமையை இடம் மாற்ற வேண்டும். இப்போதைய விதிப்படி விவாதத்தை முடிக்க 60 பேர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். 59 பேர் ஆதரித்து, எதிர்த்து ஒருவர்கூட வராவிட்டாலும் தீர்மானம் தோற்கும்! இதைத் திருப்பிப் போட வேண்டும். விவாதம் தொடர வேண்டும் என்று 41 பேர் நேரில் வந்து வாக்களிக்கட்டும். இரவானாலும் சரி, விடுமுறையானாலும் சரி, வாக்கெடுப்பில் 41-க்கு ஒருவர் குறைந்தால் தடுப்பு முடிந்தது. இந்த யோசனையை அங்கே சிலர் முன்பே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது.

1964-இல் சுமை யார் மேல் இருந்தது என்று பாருங்கள். ஜூன் 10 அன்று, குடிமை உரிமை மசோதாவுக்கு எதிராக மாதக்கணக்கில் நடந்த பேச்சு முட்டுக்கட்டையை முடிக்க வாக்கெடுப்பு. கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கல் மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்தார். அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது குரல் எழவில்லை. கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டி ஆதரவைத் தெரிவித்தார். 71-க்கு 29. அடுத்த மாதம் இறந்துபோனார். சாகக் கிடந்தவரை வரவழைத்தது, சட்டம் வேண்டும் என்றவர்கள் தலையில் சுமையை வைத்த விதி. தடுக்கிறவர்கள் பக்கம் அது இருந்திருக்க வேண்டாமா?

2022 ஜனவரியில் வாக்குரிமை மசோதாவுக்காக மட்டும் பேச்சு விதியைத் திரும்பக் கொண்டுவர, ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த சக் ஷூமர் முயன்றார். அவர் கட்சியின் மான்சினும் சினெமாவும் குடியரசுக் கட்சியினரோடு சேர்ந்து 48-க்கு 52 என்று அதைத் தோற்கடித்தார்கள். அது ஜெயித்திருந்தாலும் மடக்குக் கட்டிலில் படுக்க வேண்டியிருந்தது அவருடைய 50 பேர்தான். அடுத்த முறை இப்படி ஒரு கோரிக்கை எழும்போது, யார் எத்தனை மணி நேரம் பேச வேண்டும் என்பதை விட்டுவிட்டு, மணி அடித்தால் எந்தப் பக்கத்து ஆட்கள் ஓடி வர வேண்டும் என்று கேளுங்கள்.

அன்புடன்.