கேமரா மெக்கானிக் பதில்கள்: டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்

ஆவணியில் ஏழு முகூர்த்தம் ஒத்துக்கொண்டிருக்கிறேன் அண்ணே. ஆன்லைனில் ஒரு 70-200 லென்ஸ் விற்பனைக்கு வந்திருக்கிறது. 92,000 ரூபாய். விற்பவர் சென்னையில் இருக்கிறார். பாதிப் பணம் முன்னால் அனுப்பினால் கூரியரில் போட்டுவிடுகிறேன் என்கிறார். போட்டோவில் புத்தம் புதுசாக இருக்கிறது. அனுப்பலாமா?
*திருமண போட்டோகிராபர், திண்டுக்கல்*

அனுப்ப வேண்டாம் தம்பி. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை எழும்பூர். வேலையை முடித்துக்கொண்டு அன்று ராத்திரியே அதே பாண்டியனில் திரும்பிவிடலாம். 92,000 ரூபாய்க்கு இரண்டு ராத்திரித் தூக்கம் போனால் போகட்டும்.

போட்டோவில் புதுசாக இருக்கிறது என்கிறீர்கள். எந்த லென்ஸ்தான் போட்டோவில் பழசாக இருந்திருக்கிறது? முப்பது வருஷம் இதே வேலையில் இருக்கும் நானே ஒரு தடவை 85 எம்எம் லென்ஸை 24,000 ரூபாய்க்குக் கூரியரில் வரவழைத்தேன். வெளியே ஒரு கீறல் கிடையாது. டார்ச் அடித்தால் உள்ளே ஒரு கண்ணாடி முழுக்க ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. விற்றவர் நம்பர் அன்று சாயங்காலமே அணைந்துவிட்டது. அந்த லென்ஸ் இப்போது என் மேஜையில் பில் புத்தகம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்டால் மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

போகும்போது உங்கள் கேமராவோடு ஒரு டார்ச்சும் எடுத்துப் போங்கள். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். நிக்கானின் பழைய எஃப் மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையத்தின் வகை) லென்ஸ் என்றால் பெரும்பாலானவற்றில் பின்னால் சின்ன லீவர் இருக்கும். அதைத் தள்ளினால்தான் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் போகிற துவாரம், திறந்து உள்ளே தெரியும். தூசியைக் கண்டு மிரள வேண்டாம், நாலு தூசி படத்தில் தெரியாது. சிலந்தி நூல் மாதிரி, வேர் மாதிரி கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ். சென்னைப் புழுக்கத்தில் பைக்குள்ளேயே பூட்டி வைத்த லென்ஸ்களில் அடிக்கடி பார்க்கிறேன். கண்ணாடி மேல் இருக்கும் பூச்சை (கோட்டிங்) அரித்துவிட்டால் நான் துடைத்தாலும் தடம் போகாது. பால் ஊற்றின மாதிரி மங்கலாக இருந்தால் அதுவும் வேண்டாம். அப்புறம் பின்பக்க ஸ்க்ரூக்களைப் பாருங்கள். தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று விற்பவர் சொல்லட்டும்.

கேமராவில் மாட்டி 70-லும் 200-லும் முழு அப்பர்ச்சரில் இருபது படமாவது எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் பிடிக்காமல் தேடுகிறதா, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் சத்தம் போடுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ரயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வீடியோ கால் போடுங்கள். பாக்ஸ், பில், லென்ஸ் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். எந்தக் கேமராவில் மாட்டினீர்கள், ஏன் விற்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். உண்மையில் வைத்து வேலை செய்தவர், “200-ல் இருட்டில் கொஞ்சம் தேடும்” என்று ஏதாவது ஒரு குறை சொல்லுவார். ஒரு குறையும் இல்லை, இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், சாயங்காலத்துக்குள் முன்பணம் போடுங்கள் என்றால் டிக்கெட்டே எடுக்காதீர்கள்.

லென்ஸைப் பார்த்து முடித்த பிறகு, பணத்தை அவர் எதிரிலேயே அனுப்புங்கள். சில வங்கிகள் புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாள் குறைந்த தொகைதான் விடும். முந்தின நாளே விசாரித்து வையுங்கள். சீரியல் நம்பர் போட்டு, விற்றவர் பெயர், விலாசம், கையெழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பில்லைத் தர மறுத்தால் லென்ஸ் யாருடையது என்ற சந்தேகம் எனக்கு வரும்.

மகனின் பழைய கேமராவை விற்க ஆன்லைனில் விளம்பரம் கொடுத்தேன். ஒருவர், தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்பியிருக்கிறார். அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் 18,000 ரூபாய் வந்துவிடுமாம். விலைகூடப் பேசவில்லை.
*குடும்பத்தலைவி, கும்பகோணம்*

போனை வையுங்கள் அம்மா. யுபிஐயில் பின் நம்பர் போடுவது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்குத்தான். வருகிற பணத்துக்கு எந்த நம்பரும் போட வேண்டியதில்லை. கேமராவைப் பார்க்காமல், பேரம் பேசாமல் வாங்குகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

பெரிய வலைத்தளத்தில் ஒரே கேமரா, ஒரு விற்பனையாளரிடம் மட்டும் 11,000 ரூபாய் குறைவு. தளம் பெரியதுதானே, வாங்கலாமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்*

தளம் பெரியதுதான் ஐயா, ஆனால் அங்கே கடை போட்டிருப்பவர் வேறு ஆள். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் விற்பவர் பெயர் இருக்கும், அதைத் தட்டுங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி எல்லாம் காட்டியாக வேண்டும். அவரிடம் இதற்கு முன் வாங்கியவர்கள் கேமரா வாங்கினார்களா, செல்போன் உறை வாங்கினார்களா என்றும் பாருங்கள். உறை விற்று வாங்கின நட்சத்திரம் கேமராவுக்கு உதவாது.

இவ்வளவு குறைவு என்றால் கிரே மார்க்கெட் சரக்காக, அதாவது கம்பெனியின் இந்திய வழியில் வராத சரக்காக இருக்கலாம். கேமரா நிஜம்தான், ஆனால் இந்திய வாரண்டி இருக்காது. அப்படிப்பட்டவர்கள்தான் ஐந்தாறு மாதத்தில் என் கடைக்கு வருகிறார்கள். கம்பெனியின் இந்திய வாரண்டி உண்டா, சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் வருமா என்று தளத்தின் வழியாகவே கேட்டு, பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

வாங்குவதென்றால் கிரெடிட் கார்டில் வாங்குங்கள், தகராறு வந்தால் வங்கியிடமும் முறையிடலாம். பார்சலின் ஆறு பக்கத்தையும் முகவரிச் சீட்டையும் காட்டி, பிரிப்பது முதல் கேமராவை ஆன் செய்வது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பேரன் இருந்தால் அவனிடம் போனைக் கொடுத்துவிடுங்கள், நமக்கு இரண்டு கையும் தேவைப்படும். ஏதாவது தவறென்றால் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்தது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இழுத்தடித்தால் 1915, நுகர்வோர் உதவி எண்.

பழைய நிக்கான் டி750 கேமரா, ஷட்டர் கவுண்ட் (இதுவரை ஷட்டர் ஓடிய தடவை) 1,20,000. வாங்கலாமா?
*கல்லூரி மாணவர், சேலம்*

அந்த ஷட்டரை 1,50,000 வரை சோதித்ததாகக் கம்பெனி சொல்கிறது. அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்பும் படுக்கும். விலையில் ஒரு ஷட்டர் மாற்றும் கூலியைக் கழித்துக் கேளுங்கள். 1,20,000 என்பதை விற்பவர் வாயால் சொன்னாரா, அந்தக் கேமராவில் இன்று எடுத்த ஒரு படத்தை அனுப்பினாரா? அசல் ஜேபெக் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள், ஷட்டர் கவுண்ட் அதற்குள் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.